பதினாறாம் நாள் குளிப்பு

மூன்று வருடங்களுக்கு முந்திய நோன்பு மாதம் அது. நாங்கள் இருப்பது சாய்ந்தமருதில், கடற்கரைப் பக்கம். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. வீட்டில் வைத்தே அபாயாவும் பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பும் தைத்துக் கொடுப்பது என் தொழில். கணவர் கல்முனை பஸாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறார். மகன் கல்யாணம் முடித்து மருமகள் வீட்டோடு போய்விட்டான். மகள் மட்டும் எங்களோடு. அடுத்த வளவில் என் அக்கா. ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கும் ராத்தாவுக்கும் நடுவில் ஒரு வேலி, அதிலும் ஆள் நுழையும் ஒரு பொட்டு. நாளைக்குப் பத்துத் தடவை அதற்குள்ளால் போய் வருவோம்.

நான் சொல்லப் போவது பெண்கள் வாய் திறந்து கதைக்காத ஒரு விஷயம். "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று ராத்தா இப்போதும் முகத்தைச் சுளிக்கிறாள். வாயைத் திறக்காமல் இருந்துதான் நான் உயிரை விடப் பார்த்தேன். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பெண்களிடம் மாதவிடாய்க்கு ஒரு சொல் உண்டு. "தொழுகை இல்ல." அவ்வளவுதான். அந்த நாட்களில் நாங்கள் தொழுவதில்லை, நோன்பு பிடிப்பதும் இல்லை. அதனால் ஒருத்தி "எனக்குத் தொழுகை இல்ல" என்றால் மற்றவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் விடுவதற்காகத்தானே அப்படி ஒரு சொல்லைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்!

குமர்ப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் அந்தச் சொல் எங்களுக்குப் பெரிய கொண்டாட்டம். நோன்பு மாதத்தில் தொழுகை இல்லாத நாள் வந்தால், ராத்தாவும் நானும் குசினிக்குப் பின்னால் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, ஸஹருக்கு ஆக்கிய சோற்றில் மிச்சத்தைத் தேங்காய்ச் சம்பலோடு பிசைந்து தின்போம். அந்தச் சோற்றின் ருசி பிறகு எந்தக் கல்யாண வீட்டுச் சாப்பாட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆண்களுக்குத் தெரியக்கூடாது என்பது சட்டம். அதற்காக விடிய முன்னம் எழும்பி அவர்களோடு ஸஹரும் சாப்பிடுவோம். பின்னேரம் நோன்பு திறக்கும் பாயில், பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாங்கு சொல்லும் வரைக்கும் வாடிய முகத்தோடு இருப்போம். ராத்தா இதில் பலே கெட்டிக்காரி. உதட்டை நாக்கால் நனைத்துவிட்டு, "யா அல்லாஹ், இண்டைக்கு என்ன தாகம்!" என்பாள். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா.

வாப்பா பின்பக்கம் கிணற்றடிக்கு வரும்போதெல்லாம் இருமுவார். வீட்டு மூலையைத் திரும்ப முன்னம் இரண்டு தரம், உரத்து. அதைக் கேட்டதும் நாங்கள் சட்டியைக் கவிழ்த்து மூடி, வாயைத் துடைத்துக்கொண்டு, கோழிக்குத் தவிடு வைப்பவர்களைப்போல நிற்போம். "அல்லாஹ் காப்பாத்தினான், மனிசன் இருமிக்கிட்டு வந்தாரு" என்று ராத்தா பெருமூச்சு விடுவாள். அவர் மௌத்தாகி மண்ணுக்குப் போய்ப் பல வருடத்துக்குப் பிறகு ஒருநாள், தைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வாப்பாவுக்கு இருமல் வியாதியே கிடையாது. நோன்பு மாதத்தில், அதுவும் பின்பக்கம் வரும்போது மட்டும்தான் அவருக்கு இருமல் வரும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த மனிசன் இருமியிருக்கிறார். மெஷினை நிறுத்திவிட்டு நான் அன்றைக்கு நன்றாக அழுதேன்.

சரி, கதைக்கு வருகிறேன். நாற்பத்தைந்து தாண்டியதும் எனக்கு மாதவிடாய் கணக்குத் தவறத் தொடங்கிற்று. இரண்டு மாதம் வராது. வந்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள். பிறகு பதினெட்டு, இருபது. கட்டி கட்டியாகப் போகும். சில நாளைக்குக் கதிரையிலிருந்து எழும்பவே பயமாக இருக்கும்.

ராத்தாவிடம் ஒருநாள் மெதுவாகச் சொன்னேன்.

"நிக்கப் போற காலம் அப்பிடித்தான் புள்ள" என்றாள். "வத்த முந்தி ஆறு ஒருக்கா அடிச்சிப் பாயும். எனக்கும் வந்ததுதானே?"

அவளுக்கு வந்தது எட்டு நாள் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவள் எத்தனை நாள் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "தொழுகை இல்ல" என்ற சொல்லுக்குள் நாளும் இல்லை, அளவும் இல்லை. எட்டு நாளும் அதுதான், இருபது நாளும் அதுதான்.

கடையில் வாங்கும் பேட் ஒரு மணித்தியாலத்துக்கும் காணாமல் போயிற்று. நான் தையல்காரி அல்லவா? வெட்டி மிஞ்சிய பருத்தித் துணியை எட்டாக மடித்து, நடுவில் பழைய துவாய்த் துண்டை வைத்து, நானே தைத்துக்கொண்டேன். ஓரமடித்து, நாலு பக்கமும் இரட்டைத் தையல் போட்டு, அவ்வளவு துப்புரவான வேலை. அதில் எனக்குப் பெருமை வேறு! தையல் கதிரைக்குக் கறுப்பு உறை, அதற்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பு. உடுப்பதும் கறுப்பு அபாயா. கறுப்பில் ஒன்றும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பது என்பார்கள். நான் தையல் போட்டு மறைத்தேன்.

டொக்டரிடம் ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்று வெட்கம். ஆம்பிளை டொக்டராக இருந்தால் எப்படி வாயைத் திறப்பது? மற்றது பயம். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண் இப்படித்தான் காட்டப் போய், கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று வந்து, ஒரு வருடத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். போனால்தானே சொல்வார்கள், போகாவிட்டால் இல்லை என்று என் மூளை கணக்குப் போட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் நல்ல கெட்டிக்காரி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருடம் நோன்பு தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது இரத்தம் போகத் தொடங்கி, நோன்பு பிறந்தும் நிற்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் எனக்குத் தொழுகை இல்லை என்று தெரியும். அவ்வளவோடு விட்டுவிட்டார்கள். அந்த நாட்களில் எனக்கு ஒரு புதுப் பழக்கமும் வந்திருந்தது. நோன்புக் கஞ்சிக்கு அரிசியைக் கழுவிப் போட்டால், கை தானாகச் சட்டிக்குள் போகும். பச்சை அரிசியை நறுக்கு நறுக்கென்று கடித்துத் தின்பேன். பிள்ளைத்தாய்ச்சி போல ஒரு ஆசை. ஏன் என்று விளங்கவில்லை.

எட்டாம் நோன்போடு எனக்குப் பதினைந்து நாள் முடிந்தது. இங்கேதான் நான் விட்ட பிழை இருக்கிறது. சின்ன வயதில் குர்ஆன் மதரஸாவில் எங்களுக்கு ஓதித் தந்த உஸ்தாதின் மனைவி, குமர்ப் பிள்ளைகளை மட்டும் வட்டமாக வைத்து ஒரு சட்டம் சொல்லித் தந்திருந்தா. பதினைந்து நாளுக்கு மேல் போனால் அது மாதவிடாய் இல்லை, நோயினால் வரும் இரத்தம். பதினாறாம் நாள் குளிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் சுத்தம் செய்து, துணி கட்டி, முகம் கை கால் கழுவி வுளு எடுத்துத் தொழ வேண்டும். நோன்பும் பிடிக்க வேண்டும். அந்தப் பாடத்தை ஒரு சொல் பிசகாமல் முப்பது வருடத்துக்கு மேலாக நெஞ்சில் வைத்திருந்தேன்.

பதினாறாம் நாள் தலை முழுகினேன். அன்றைக்கே தொழத் தொடங்கினேன். மறுநாளில் இருந்து நோன்பும் பிடித்தேன். இரத்தம் போய்க்கொண்டுதான் இருந்தது.

நான் தொழுகைப் பாயை விரித்ததைக் கண்டதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. "உம்மாக்குச் சுகமாயிட்டு" என்று மகள் சந்தோஷமாக ராத்தாவுக்குச் சொல்லப் பொட்டுக்குள்ளால் ஓடினாள். யாருக்கும் நான் பொய் சொல்லவில்லை பாருங்கள். தொழுகை இருந்தது. பார்த்தவர்கள் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. நெற்றியை நிலத்தில் வைத்த சுஜூதிலிருந்து தலையைத் தூக்கினால் சுவர் சுற்றும். குசினிக்கு ஏறும் இரண்டு படியில் ஏறிவிட்டு, அரிசி இடிக்கிற உலக்கை மாதிரி நெஞ்சு இடிக்க, நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நோன்பு தானே, களை வரும் தானே என்று சொல்லிக்கொண்டேன். பெருநாள் உடுப்பு இன்னும் ஒரு குவியல் கிடந்தது. பிள்ளைகளின் உடுப்பைப் பிந்திக் கொடுத்தால் எந்தத் தாய் மன்னிப்பாள்?

இருபதாம் நோன்பு. காலை பத்து மணி இருக்கும். ஒரு சின்னப் பிள்ளையின் சட்டைக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு முன்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டது போல இருட்டிற்று. கால் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வலக்கைச் சுட்டுவிரல் ஊசிக்குக் கீழே போய், நகத்தைத் துளைத்து, ஊசி உள்ளேயே முறிந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் மகள் ஓடி வந்தாள். ராத்தா வேலியைப் பிய்த்துக்கொண்டு வராத குறை.

கணவர் கடையிலிருந்து வந்து மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். போகும் வழியெல்லாம் எனக்கு விரலைப் பற்றிக் கவலையே இல்லை. கட்டியிருந்த துணி தாங்குமா, சீட்டில் படுமா என்ற கவலைதான்.

விரலை மரக்கச் செய்து ஊசித் துண்டை எடுத்தார்கள். மருந்து கட்டியது ஒரு நர்ஸ் மிஸி, என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். நெற்றியில் சின்னப் பொட்டு. காரைதீவு ஆள் என்று கதைக்கும்போது தெரிந்தது. கட்டிக்கொண்டே என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"என்ன தங்கச்சி, நகமெல்லாம் கடதாசி மாதிரிக் கிடக்கு?"

கீழ் இமையை இழுத்துப் பார்த்தா. பிறகு அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, குனிந்து என் காதுக்குள் கேட்டா: "தொழுகை இருக்கா?"

எனக்கு அந்த மிஸி மேல் எவ்வளவு அன்பு வந்தது தெரியுமா? எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி எங்கள் சொல்லையே எடுத்து, நான் வெட்கப்படக்கூடாது என்று அப்படிக் கேட்டா. நானும் அதே சொல்லில் பதில் சொன்னேன்.

"ஓம் மிஸி, தொழுறன்."

"நோன்பும் பிடிக்கிறீங்களா?"

"ஓம்."

"அப்ப நோன்புக் களையாக்கும். இமை வெளிறித்தான் கிடக்கு. நோன்பு திறந்தா நல்லாச் சாப்பிடுங்க. நாளண்டைக்குக் கட்டு மாத்த வரக்குள்ள ஒருக்கா ரத்தம் செக் பண்ணிப் பாப்பம்."

நான் தலையாட்டினேன். சொல்லலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்த ஒரு மனிதர் படுத்திருந்தார். விழுங்கிவிட்டேன்.

வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் கணவர் நின்றார். சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினார். நான் ஏறவில்லை, ஏறத் தெம்பில்லாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், சைக்கிளை நிற்பாட்டினார்.

"வேற ஒண்டும் கேக்கல்லியா அவங்க?"

"விரலுக்குத்தானே வந்த. வேற என்ன கேக்கிற?"

அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். ரோட்டில் போகும் பஸ்ஸைப் பார்த்தார். பிறகு இருமினார். இரண்டு தரம்.

அவருக்குத் தடிமன் இல்லை, தொண்டை நோவும் இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே கோழிக்கூடும் கிணற்றடியும் வந்து நின்றன. இவருக்கு என் வாப்பாவின் கதை தெரியாது, நான் சொன்னதும் இல்லை. ஆனாலும் அதே இருமல். இந்த மனிசனுக்குத் தெரியும். எல்லாம் தெரியும்.

இருமிவிட்டு அவர் கேட்டார்: "நிண்டிட்டா புள்ள?"

ஒரு சொல்தான். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"எனக்குத் தெரியும்" என்றார், இன்னும் பஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "வாளியில துணி ஊறுறத்தக் காணாத ஆளா நான்? ஒரு மாசமாகப் போகுது. கேக்க வெக்கமாப் போச்சு. பொம்பிளையள்ட விஷயம், ராத்தாக்குத் தெரிஞ்சிருக்கும்தானே எண்டு இருந்திட்டன்."

ராத்தாவுக்குத் தெரியும் என்று இவர் இருந்திருக்கிறார். புருஷனுக்குத் தெரியும் என்று ராத்தா இருந்திருக்கிறாள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"நான் மௌத்தாப் போனா என்னை அடக்கிற மையவாடியிலயும் இருமிக்கிட்டுத்தான் நிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். நோன்பு வாயால் கேட்கிற கேள்வியா அது? அவர் கண் நிறைந்துவிட்டது. சைக்கிள் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். "வா. நானும் வாறன்" என்று என் கையைப் பிடித்து, பட்டப்பகலில், அத்தனை சனத்துக்கு முன்னால் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

மிஸி இன்னொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தா. நான் பக்கத்தில் போய் நின்று, கால் முறிந்த மனிதருக்கும் கேட்கட்டும் என்று சொன்னேன்: "மிஸி, நான் உங்களுக்குப் பொய் சொல்லல்ல. ஆனா உண்மையச் சொல்லவும் இல்ல. தொழுறன்தான். ஆனா நிக்கல்ல. இண்டையோட இருபத்தேழு நாள். கட்டி கட்டியாப் போகுது."

மிஸி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தா. "இருபத்தேழு நாளா? பிறகு எப்பிடித் தொழுறீங்க?"

பதினைந்து நாள் சட்டத்தைச் சொன்னேன். பதினைந்து நாளுக்கு மேல் போனால் அது மாதவிடாய் இல்லை, நோயினால் வரும் இரத்தம் என்று உஸ்தாதின் மனைவி சொல்லித் தந்ததை அப்படியே ஒப்புவித்தேன்.

மிஸி என்னையே பார்த்தா. "ஐயோ தங்கச்சி, உங்கட மார்க்கமே அது வருத்தம் எண்டு சொல்லிப் போட்டுதே! பதினாறாம் நாள் குளிச்ச கையோட இஞ்ச வந்திருக்க வேணாமா?"

முப்பது வருடம் மனப்பாடமாக வைத்திருந்த பாடத்தில் குளிப்பு, துணி கட்டுவது, வுளு, தொழுகை, நோன்பு எல்லாம் எனக்குக் கேட்டிருக்கிறது. நோய் என்ற சொல் மட்டும் கேட்கவில்லை. நோயாளிக்கு நோன்பில் விலக்கு இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாததா? மார்க்கம் முழுதாகச் சொன்னதை நான் பாதியாகக் கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். டொக்டர் சின்ன வயது, சிங்கள ஆள். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிக் கதைத்தார். "ஒரு நாள், எத்தனை துணி?" என்று விரலை விரித்துக் கேட்டார். அந்தப் பையனின் முகத்தில் அருவருப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. மழை எத்தனை நாள் பெய்தது என்று கேட்கிற மாதிரிக் கேட்டார். இதற்கா நான் இரண்டு வருடம் பயந்தேன்? இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஐந்து சொச்சம்.

"நடந்தா வந்தீங்க?" என்று டொக்டர் கேட்டார்.

"மோட்டார் சைக்கிளில" என்றேன். அவர் மிஸியைப் பார்த்தார். மிஸி என் கணவரைப் பார்த்தா. மனிசன் நிலத்தைப் பார்த்தார்.

மிஸி பச்சை அரிசி தின்கிற ஆசை இருக்கிறதா என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரத்தம் குறைந்தால் அப்படி ஒரு ஆசை வருமாம். கஞ்சி அரிசியைத் திருடித் தின்ற எனக்கு என் உடம்பே சொல்லியிருக்கிறது. அதையும் நான் கேட்கவில்லை.

உடனே நோன்பை விடச் சொன்னார்கள். சீனி போட்ட தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். "குடி புள்ள. அல்லாஹ்வுக்கு உன்ட உடம்பும் தெரியும்" என்றார் கணவர். குடித்தேன்.

வார்டில் மூன்று பைந்து இரத்தம் ஏற்றினார்கள். இரண்டாவது முடியும்போது காதுக்குள் இருந்த இரைச்சல் அடங்கிற்று. அந்த இரைச்சல் எத்தனை மாதமாக இருந்தது என்று எனக்கே தெரியாது. பகல் சாப்பாடு வந்தபோது, பழக்க தோஷம், சுவர்ப் பக்கம் திரும்பி முக்காட்டுக்குள் ஒளித்துத் தின்றேன். என்னைப் பார்க்க வந்த காரைதீவு மிஸி அதைக் கண்டுவிட்டா. "ஆருக்கு ஒளிக்கிறீங்க? நேர இருந்து தின்னுங்க" என்று அதட்டினா. சம்பலும் சோறும்தான். கோழிக்கூட்டுக்குப் பிறகு அவ்வளவு ருசியாக அன்றைக்குத்தான் தின்றேன்.

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்திருப்பதாகவும், ஒரு சின்னக் கட்டி இருப்பதாகவும் சொன்னார்கள். உள்ளிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும் வரைக்கும் நான் பட்ட பாடு, எதிரிக்கும் வரக்கூடாது. ஒழுங்கையில் மௌத்தான அந்தப் பெண்ணின் முகம் கண்ணை மூடினால் வரும். மகளைக் கட்டிக் கொடுக்காமல் போய்விடுவேனோ என்று நினைத்து நினைத்துப் பெருநாளைக் கழித்தேன். மிஞ்சியிருந்த உடுப்பையெல்லாம் ராத்தாவும் மகளும் தைத்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு பிள்ளையின் சட்டைக்கு இரண்டு பக்கமும் இடக்கையே வைத்திருந்தார்கள். அந்தத் தாய் வந்து என்னைச் சுகம் விசாரித்துவிட்டு, சட்டையைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் போனா.

பெருநாள் முடிந்து ரிசல்ட் வந்தது. பயப்பட ஒன்றும் இல்லை. மாதவிடாய் நிற்கும் வயதில் ஹோர்மோன் கூடிக் குறைவதால் வரும் கோளாறு, முன்னமே வந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார் பெரிய டொக்டர். இரத்தத்தைக் குறைக்க, மருந்து உள்ள ஒரு லூப்பைக் கர்ப்பப்பைக்குள் வைத்தார்கள். இதைக் கேட்ட ராத்தா நெஞ்சில் கை வைத்துவிட்டாள். "அடி அல்லாஹ்! பேரப்பிள்ளை காணுற வயசில உனக்கு லூப்பா? வெளிய சொல்லிராத புள்ள!" பிறகு அவளே என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு எண்டுவாங்க. உனக்கு உசிருக்கு வந்தது விரலோட போச்சு" என்றாள். ஆறு மாதத்துக்குள் இரத்தம் வெறும் பொட்டாகி, பிறகு நின்றேவிட்டது.

கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் அந்த மிஸியைத் தேடிப் போய்ப் பார்ப்பேன். ஒருநாள் சொன்னா: "நான் இப்ப உங்கட ஆக்களிட்டத் தொழுகை இருக்கா எண்டு கேக்கிறல்ல. எத்தின நாள், எத்தின பேட், கட்டி போகுதா எண்டு நேராக் கேக்கிற. எங்கட ஆக்கள் துடக்கு எண்டுவாங்க, அவங்களிட்டயும் அப்பிடித்தான் கேக்கிற. நீங்க படிப்பிச்ச பாடம்."

அடுத்த வருட நோன்பில், பெரிய பிள்ளையான பிறகு முதல் தடவையாக, முப்பது நோன்பையும் விடாமல் பிடித்தேன். சந்தோஷம்தான். ஆனாலும் மனதுக்குள் எங்கேயோ ஒரு இடம் வெறுமையாக இருந்தது. இனி எனக்குக் குசினிக்குப் பின்னால் வேலை இல்லையே! ஒருநாள் பகல் மகள் அங்கே தட்டோடு குந்தியிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன். பொட்டுக்குள்ளால் ராத்தாவும் வந்தாள். நாங்கள் இரண்டு நோன்புக் கிழவிகளும் அவள் தின்பதைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டு, பழைய கதையெல்லாம் சொல்லிச் சிரித்தோம். அப்போது வீட்டு மூலையில் இருமல் கேட்டது. இரண்டு தரம். என் கணவர் வாளி எடுக்க வருகிறார்.

மகள் தட்டை மறைக்கப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "எத்தினயாம் நாள்?" என்று, மூலைக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"உம்மா!" என்று பல்லைக் கடித்தாள். நான் விடவில்லை. "நாலாம் நாள். மூணு பேட். கட்டி இல்ல. போதுமா?"

மூலைக்கு அந்தப் பக்கம் இருமல் பலத்துவிட்டது. ராத்தா முந்தானையால் வாயைப் பொத்தினாள், அச்சாக எங்கள் உம்மா மாதிரியே. நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாப்பாவின் இருமலை நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு இளகும். ஆனால் வேப்பமரத்தடியில் இருமியதோடு விட்டுவிடாமல் என் கணவர் கேட்ட அந்த ஒற்றைக் கேள்வியால்தான் நான் இன்றைக்கு உயிரோடு குந்தி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.